ஸெராஃபிம் சாட்சி சொல்ல வந்தது

ஜெர்மன்காரர்கள் தன்னைச் சுட்டுக் கொன்று ஒன்பது மாதம் கழித்து, மலையில் பனி உருகத் தொடங்கிய மார்ச் மாதத்தில், கோவேறு கழுதைக்காரன் ஸெராஃபிம் டெகோஸ் சாட்சி சொல்வதற்காக வீட்டுக்குத் திரும்பி வந்தான். பகல் நேரம்தான். கல்லறைத் தோட்டத்திலிருந்து பாலத்தைத் தாண்டி, கடைத்தெரு வழியாக நடந்து வந்தான். ரொட்டிக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் அவனுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டார். அவனுடைய சவப்பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கியது தான்தான் என்பது அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. சட்டையில் ஐந்து ஓட்டைகள் இருந்தன. ரத்தம் இல்லை. ஈரமண் வாடை மட்டும் கொஞ்சம் இருந்தது. ஏதோ கூரை ஓட்டிலிருந்து சரிந்து அவன் தோளில் விழுந்த பனி, வீடு போய்ச் சேரும்வரை உருகாமல் அப்படியே இருந்தது.

அவன் அந்த வாரம் வந்ததற்குக் காரணம் உண்டு. நாட்டைவிட்டு வெளியேறிய எதிரிக்கு உதவிய துரோகிகளை விசாரிக்கத் தனி நீதிமன்றம் அமைத்திருப்பதாகவும், கண்ணால் கண்டவர்களும் காதால் கேட்டவர்களும் வந்து சொல்ல வேண்டும் என்றும் நகராட்சிக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஊர் கலமோஹோரியில் கண்ணால் கண்டவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் கண்டது ஒரு சாக்கைத்தான். போன ஜூன் மாதம் ஜெர்மன்காரர்கள் ஊரை வளைத்து, ஆண்கள் அத்தனை பேரையும் சதுக்கத்தில் மண்டியிட வைத்தபோது, தலையில் சணல் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வைத்த ஓர் ஆள் வரிசை வரிசையாக நடந்தான். அவன் விரல் யார்மேல் நின்றதோ அவர்களை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். மதியத்துக்குள் ஆற்றங்கரை நெட்டிலிங்க மரங்களுக்குக் கீழே எல்லோரையும் சுட்டுவிட்டார்கள். சாக்குக்குள் இருந்தது யார் என்று ஊருக்கு ஓர் ஊகம் இருந்தது, எல்லோருடைய ஊகமும் ஒரே ஆள்தான்: கோதுமை வியாபாரி மில்டியாடிஸ் கரவாஸ். ஒரு டின் எண்ணெய்க்காக ஜனங்கள் ஆலிவ் தோப்பை எழுதிக் கொடுத்த பஞ்சக் குளிர்காலத்தில், அவன் கிடங்கு வாசலில் ஜெர்மன் லாரி நின்றது. ஆனால் ஊகத்தை எந்த நீதிபதியும் எழுதிக்கொள்வதில்லை.

ஸெராஃபிமிடம் இருந்தது ஊகம் இல்லை. சாக்கு அவன் முன்னால் வந்தபோது கொஞ்சநேரம் தயங்கி நின்றது. உள்ளே மூச்சு வாங்கியது. அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மன்னிச்சுக்க, கும்பாரே" என்றது. அதற்குப் பிறகுதான் விரல் நீண்டது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தின்போது பெண் மாப்பிள்ளை தலையில் பூமுடியை மாற்றி வைக்கிறவனை அப்படித்தான் கூப்பிடுவோம். அவனும் அப்படியே கூப்பிடுவான். அது கூடப் பிறந்ததைவிடக் கெட்டியான உறவு. மூன்று வருஷம் முன்பு ஸெராஃபிமின் தலையில் பூமுடி வைத்தவன் கரவாஸ். அந்தக் குரலைக் கேட்ட ஒரே ஆளை அன்றைக்கே சுட்டுவிட்டார்கள். ஆகவே அவன் வரவேண்டியதாயிற்று.

அவன் மனைவி எவந்தியா முற்றத்தில் கொப்பரை வைத்துத் துணி வெளுத்துக்கொண்டிருந்தாள். வாய்த்துடுக்குக்காரி, புகையிலைக் கொட்டடியில் மேஸ்திரிகளே அவளிடம் பேச்சுக் கொடுக்கப் பயப்படுவார்கள். படலைத் திறந்து நின்றவனை மேலும் கீழும் பார்த்தாள். அலறவில்லை.

"எவந்தியா, உள்ள வரலாமா?"

"சட்டையப் பாரு. எங்கம்மா எடுத்துக் குடுத்த சட்டை. அஞ்சு எடத்துல கிழிச்சுட்டு வந்து நிக்கறே."

"கழட்டிட்டு நிக்கவான்னு கேட்டேன். அவனுங்களுக்குப் புரியல."

"இப்ப எதுக்கு வந்தே?"

"சாட்சி சொல்ல. கரவாஸ்தான் அது. சொல்லிட்டுப் போயிருவேன்."

அதுவரை கல்லாக நின்றவள், கடைசி வார்த்தையைக் கேட்டதும் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, சோப்பு நுரைக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பாதிரியார் நெக்டாரி வந்து பார்த்தார். ஸெராஃபிம் சிலுவை போட்டு, மாதா படத்தை முத்தமிட்டு, அவர் புனித நீரை முகத்தில் தெளித்தபோது வெறுமனே துடைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, வெளியே காத்திருந்தவர்களிடம், "பேயெல்லாம் இல்ல. கேஸ் இருக்கு, வந்திருக்கான், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷம் இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததும் இல்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு மாவு மில்காரர் வந்தார். ஆனால் அவரைத் தூக்கில் போட்டிருந்தார்கள், குரல்வளை நொறுங்கிப் போயிருந்தது, பேச வரவில்லை. நீதிமன்ற வாசலில் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார் என்று சொன்னார்கள். ஸெராஃபிமுக்குத் தொண்டை நன்றாகவே இருந்தது.

அவன் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. விறகு பிளந்தான், கூரையைச் செப்பனிட்டான், புகையிலை நாற்றுப் பாத்திக்கு எருச் சுமந்தான். கழுதைகள் மட்டும் அவனை அண்ட விடவில்லை, அதனால் பழைய தொழிலுக்குப் போகவில்லை. எவந்தியா கறுப்புத் தலைத்துணியை அவிழ்த்துப் பெட்டியில் வைத்தாள். ஊற்றடியில் பெண்கள் அவளை விடவில்லை. "ஏண்டி, நீ இப்ப அறுத்தவளா, கட்டினவளா?" என்று கேட்டார்கள். "கேஸ் முடியட்டும், சொல்றேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். படுக்கையில் அவன் கிணற்றுக்கல் மாதிரி சில்லென்று இருந்தான். அவள் இரண்டு கம்பளியை அவன்மேல் போட்டு, தான் ஒன்றைப் போர்த்திக்கொண்டு, அந்தச் சில்லிப்போடு ஒட்டிப் படுத்தாள். காலையில் அவள் உதடு நீலம் பூத்திருக்கும். அதைப் பற்றி யாரும் கேட்கத் துணியவில்லை.

வழக்கு மாவட்டத் தலைநகரில் எடுத்துக்கொள்ளப்பட்டது, தள்ளிப்போனது. முதல்முறை நீதிமன்றத்தில் கணப்புக்கு நிலக்கரி இல்லை. அடுத்தமுறை கரவாஸுக்கு வயிற்றுவலி. அதற்கடுத்து நீதிபதியே மாறிவிட்டார். ஒவ்வொரு முறையும் எவந்தியா நீதிமன்றப் படியில் நின்று, வாய்க்கு வந்தபடி திட்டினாள். திரும்பி வரும்போது லாரியின் பின்புறத்தில், புகையிலைப் பொதிகளுக்கு நடுவே, ஸெராஃபிமின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் பாட்டுப் பாடினாள். பாடுகிறோம் என்று உறைத்ததும் நிறுத்திக்கொள்வாள். கரவாஸின் விரல் பட்டுச் செத்தவர்களின் தாய்மார்கள் அதே லாரியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

"சாமி, நியாயம் சீக்கிரம் கிடைச்சிரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டா பாவமா?"

"பாவந்தான்" என்றார் நெக்டாரி. "ஆனா அதுக்காக ரொம்ப விசனப்படாத. நீ வேண்டாட்டியும் அது சீக்கிரம் கிடைக்காது."

ஒரு வழியாக விசாரணை அடுத்த வருஷ வசந்தத்தில் நடந்தபோது, காற்று வேறு பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. மலையில் மறுபடி துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது, இம்முறை நம் ஆட்கள் நம் ஆட்களையே சுட்டார்கள். ஜெர்மன்காரர்களுக்குச் சல்யூட் அடித்த போலீஸ்காரர்களே பழைய தொப்பியில் புதுச் சின்னம் குத்திக்கொண்டு நீதிமன்ற வாசலில் காவல் நின்றார்கள். ராணுவத்துக்குக் கோதுமை வேண்டியிருந்தது, கோதுமை கரவாஸிடம் இருந்தது. ஏதென்ஸிலிருந்து அவனுக்காக ஒரு வக்கீல் வந்திருந்தார். நரைத்த மீசை, மிக மரியாதையான பேச்சு.

ஸெராஃபிம் சாட்சிக் கூண்டை நோக்கி நடந்தபோது, குற்றவாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கரவாஸ் தன்னையறியாமல் எழுந்துவிட்டான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "எப்படி இருக்கே, கும்பாரே?" என்று கேட்டான். கேட்டது முழு மன்றத்துக்கும் காதில் விழுந்தது. வக்கீல் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். அதன்பிறகு கரவாஸ் தலை நிமிரவே இல்லை. அவன் அழுதான் என்று சிலர் சொல்கிறார்கள். அழுதிருக்கலாம், அதனால் யாருக்கும் எந்த உபயோகமும் ஏற்படவில்லை.

வக்கீல் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, இந்த மனுஷர் மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இவரு செத்தவரா, உயிரோட இருக்கறவரா? செத்தவர்னா, வேதப் புஸ்தகத்து மேல கை வெச்சு சத்தியம் பண்ண சட்டத்துல இடமில்ல. உயிரோட இருக்கறவர்னா, இந்தக் கேஸ்ல கொலை எங்க இருக்கு?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்ப்பா, நீ செத்துட்டியா?"

"ஆமாங்க."

"அப்புறம் எப்படி நிக்கறே?"

"உக்காருன்னு யாரும் சொல்லலீங்க."

மன்றம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எவந்தியாவுக்குத் தாங்கவில்லை. பின் வரிசையிலிருந்து எழுந்து, "சிரிங்கடா, சிரிங்க! காட்டிக் குடுத்தவன் அங்க உக்காந்திருக்கான், செத்தவன நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறீங்க. செத்தது அவன் தப்பா, திரும்பி வந்தது தப்பா? அதையாவது சொல்லுங்க!" என்று கத்தினாள். இரண்டு போலீஸ்காரர்கள் அவளை வெளியே கொண்டுபோனார்கள். நீதிபதி நெடுநேரம் யோசித்து, வக்கீல் சொன்னதன் இரண்டு பாதியையும் ஏற்றுக்கொண்டார். செத்தவன் என்பதால் சாட்சியம் செல்லாது. வந்து நிற்பதால் அவனைப் பொறுத்தவரை கொலையும் நிரூபிக்கப்படவில்லை. மற்றவர்கள் விஷயத்தில் சாட்சியே இல்லை. கரவாஸ் விடுதலை செய்யப்பட்டான். ஸெராஃபிமிடம் அந்த ஜூன் மாதக் காலையைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சொன்ன சொல் தவறாதவன் என்பதால், தீர்ப்பான மறுநாள் அவன் எவந்தியாவிடம் விடைபெற்றுக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். அவள் வாசல்வரை வந்தாள், அதற்கு மேல் வரவில்லை. அவன் குழியில் இறங்கிப் படுத்தான். மண் அவனை வாங்கிக்கொள்ளவில்லை. ஈரம் காய்ந்து, இறுகி, முதுகில் தட்டாந்தரை மாதிரி குத்தியது. வெயில் சாய்வதற்குள் எழுந்து வந்துவிட்டான். "கேஸ் முடிஞ்சுது, ஆனா நான் சொல்ல வந்தத இன்னும் சொல்லல" என்றான். "சொல்லாம படுக்க முடியல." எவந்தியா வெந்நீர் வைத்து அவன் கால்மண்ணைக் கழுவினாள். அவளுக்கு வந்தது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தின்மேல் அவளுக்கு வந்த வெறுப்பு, அவள் சாகும்வரை தணியவில்லை.

ஈஸ்டருக்குக் கரவாஸ் தோல் உரித்த ஆட்டுக்குட்டி ஒன்றை ஆள் மூலம் கொடுத்தனுப்பினான். எவந்தியா அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெரு நடுவே நடந்து போய், அவன் வீட்டு இரும்புக் கேட்டில் ஈக்கள் மொய்க்கும்படி தொங்கவிட்டு வந்தாள். ஸெராஃபிம் அப்படிப்பட்ட காரியம் எதுவும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் காப்பிக் கடைக்குப் போனான். யாராவது உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, நீதிமன்றம் கேட்காததைச் சொன்னான். சாக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எங்கே நின்றது, மூச்சு எப்படி வாங்கியது, குரல் என்ன சொன்னது என்று, குரலை உயர்த்தாமல், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். முதலில் நாலு பேர் கேட்டார்கள். பிறகு அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வந்து, சுவரோரம் நின்று கேட்டுவிட்டு, தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு கலைந்து போனார்கள். சாயங்காலங்களில் கரவாஸ் வீட்டு ஜன்னல்கள் மூடியே இருந்தன.

போலீஸ் சார்ஜென்ட் ஒரு திங்கட்கிழமை வந்தார். "மேலேருந்து உத்தரவு, அக்கா. என்னைக் கோவிச்சுக்காத."

"என்ன குத்தமாம்?"

சார்ஜென்ட் தரையைப் பார்த்தார். "தேசத் துரோகம்."

எவந்தியா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து யாரும் அதற்கு முன்பு கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் கோழிகள் கூண்டுக்குள் ஓடின. ஸெராஃபிம் கைகளை நீட்டினான். விலங்கு அவன் மணிக்கட்டில் பட்டதும் பனி பூத்தது.

அவனை விசாரித்தது ராணுவ நீதிமன்றம். அரசின் தீர்ப்பை அவமதித்தது, போர்க்காலத்தில் ஜனங்களைக் கிளப்பிவிட்டது, நாட்டுக்கு எதிரானவர்களுக்கு ஊக்கம் கொடுத்தது என்று குற்றச்சாட்டுகள் இருந்தன. அரசுத் தரப்பில் சாட்சி சொன்னவன் மில்டியாடிஸ் கரவாஸ். அவன் வேதப் புஸ்தகத்தின்மேல் கை வைத்தான், யாரும் தடுக்கவில்லை. குற்றவாளி செத்தவனா உயிருள்ளவனா என்ற கேள்வியை இம்முறை ஒருவரும் எழுப்பவில்லை. ஒரே காலையில் விசாரணை முடிந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. முகாமுக்குப் பின்புறச் சுவரோரம் நிற்க வைத்துச் சுட்டார்கள். ஸெராஃபிம் நின்றுகொண்டே இருந்தான். அதிகாரி மறுபடி சுடச் சொன்னார். சிப்பாய்களில் ஒருவன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் குந்தி அழுதான், அவன் எங்கள் பக்கத்துப் பையன். தோட்டா வீணாகிறது என்று நிறுத்தினார்கள். இரண்டு வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில் அரசு கருணை காட்டி, மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

அவனைத் தெற்கே, மரமே இல்லாத ஒரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கைதிகள் கல்லை மேட்டுக்குச் சுமந்துவிட்டுத் திரும்பப் பள்ளத்துக்குச் சுமப்பார்கள். தன் பங்கு ரொட்டியை அவன் வாங்கிப் பக்கத்திலிருப்பவர்களுக்குக் கொடுத்துவந்தான், அது தெரிந்ததும் அவன் பங்கை நிறுத்தினார்கள். செய்தது தப்பு என்று எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். "என்ன செஞ்சேன்னு இன்னும் யாருமே கேக்கலியே" என்று சொல்லிவிட்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டான். ஊரில் சார்ஜென்ட், நல்ல மனசோடுதான், எவந்தியாவிடம் சொல்லிப் பார்த்தார். "அக்கா, விவாகரத்து வாங்கிக்க. செத்துப்போனவனுக்காக ஏன் காலத்த ஓட்டறே?"

"உசுரோட இருக்கறவங்களத்தான் பாத்துட்டேனே" என்றாள் எவந்தியா.

கரவாஸ் நகராட்சித் தலைவரானான். குறை சொல்லக் கூடாது, தார்ரோடு போட்டான், பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றினான், ஏழைப் பெண்களின் கல்யாணங்களில் பூமுடி வைத்தான். நல்ல முதிய வயதில், தன் கட்டிலில், தூக்கத்திலேயே செத்துப்போனான். பேண்டு வாத்தியத்தோடு எடுத்துப்போனார்கள். குழியில் இறக்கியதும் மண் மெத்தென்று உள்வாங்கிக்கொண்டது என்று வெட்டியவர்கள் சொன்னார்கள். அவன் திரும்பி வரவில்லை. அவனுக்கு யாரிடமும் சொல்ல வேண்டியது எதுவும் இருக்கவில்லை. கடைத்தெருவுக்கு அவன் பெயரை வைத்தார்கள்.

ஆயுள் தண்டனை என்றால் யாருடைய ஆயுள் என்று அமைச்சகத்தில் யாரோ கேட்டு, யாருக்கும் பதில் தெரியாமல், பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஸெராஃபிமை விட்டுவிட்டார்கள். அவன் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது முப்பத்தொரு வயதுக்காரனாகவே இருந்தான். எவந்தியாவுக்கு முன்பல் விழுந்திருந்தது, புகையிலைக் கறை ஏறிய விரல்கள் மடங்கிப் போயிருந்தன. "கெழவி ஆயிட்டேன்டா" என்றாள். "நானும் கொஞ்சம் வெளுத்துட்டேன்" என்றான். அதன்பின் அவர்கள் சாதாரணமாக வாழ்ந்தார்கள். தையல் மெஷின் விற்க வந்த ஒருவன் "உங்க மகன் நல்லா வேலை செய்யறாரேம்மா" என்று சொல்லித் துடைப்பத்தால் அடி வாங்கிக்கொண்டு போனான். கொஞ்ச வருஷம் போனபின் பேரனா என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்போது அவளுக்குத் துடைப்பம் தூக்கக் கை வரவில்லை, வாயால் சமாளித்தாள்.

அவள் படுக்கையில் விழுந்த இலையுதிர்காலத்தில், அவன் சில்லிட்ட கையை அவள் நெற்றியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காய்ச்சலுக்கு அது இதமாக இருந்தது.

"ஒண்ணு சொல்லவா?" என்றாள். "அந்த கேஸ்ல நாம ஜெயிச்சிருந்தா நீ அப்பவே போயிருப்பே. தோத்ததாலதான் உன்கூட இத்தன வருஷம் இருந்தேன்."

"ம்."

"அதுக்காக அவனுங்கள நான் மன்னிக்க மாட்டேன். நீயும் மன்னிக்காத."

"மன்னிக்கல."

"அப்ப சரி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவளை மண் உடனே எடுத்துக்கொண்டது. ஸெராஃபிம் குளிர்காலம் முழுக்கக் கல்லறைத் தோட்டத்து மதில்மேல் உட்கார்ந்து பார்த்தான். அவள் வரவில்லை.

அதற்கப்புறம் வந்த அரசாங்கம் எல்லாவற்றையும் சமரசம் செய்து, சுடப்பட்டவர்களுக்குச் சதுக்கத்தில் சலவைக்கல் நட்டது. கல்தச்சருக்கு ஏணி பிடிக்க ஆள் இல்லாததால் ஸெராஃபிம் பிடித்துக்கொண்டான். தன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனதையும் அவனே பார்த்துச் சொன்னான், தச்சர் அதை இடுக்கில் சின்னதாகச் சேர்த்தார். திறப்பு விழாவில் பேசியவர்கள் அவன் காலத்துக்குப் பின்னால் பிறந்தவர்கள். அவனையும் பேசச் சொல்லலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். நேரம் ஆகிவிட்டது, மழை வரும்போல் இருந்தது.

நெக்டாரிக்குப் பிறகு வந்த இளம் பாதிரியாருக்கு ஒரே ஒரு சங்கடம் இருந்தது. ஞாயிறு பூசையில் உயிரோடிருப்பவர்களுக்காகச் சில பெயர்களும், இறந்தவர்களுக்காகச் சில பெயர்களும் வாசிக்க வேண்டும். ஸெராஃபிமை எதில் சேர்ப்பது? அவனையே கேட்டார். "உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யுங்க, சாமி" என்றான். ஆகவே இரண்டிலும் வாசிக்கிறார்கள். இடப்பக்கத் தூணருகே நிற்கிற அவன், முதல்முறை பெயர் வரும்போதும் சிலுவை போடுகிறான், இரண்டாம் முறையும் போடுகிறான். பக்கத்தில் நிற்பவர்கள் குளிர் படாமல் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறார்கள். பூசை முடிந்ததும் எல்லோரும் காப்பி குடிக்கப் போகிறார்கள்.